வீட்டு மோட்டார்: சுற்றுகிறது சரி, இழுக்கிறதா?

மோட்டாரைச் சுற்ற வைப்பது பெரிய வித்தை அல்ல. ஒரு டார்ச் பேட்டரி, இரண்டு ஊக்கு, ஒரு மீட்டர் எனாமல் கம்பி, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் இருந்தால் போதும், எட்டாம் வகுப்புப் பிள்ளை அரை மணி நேரத்தில் ஒன்றைச் செய்து காட்டிவிடும். பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் ஆண்டுதோறும் இதைப் பார்க்கிறோம். கம்பி வளையம் சுழலும், சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள், அத்தோடு கதை முடிந்துவிடும். அந்த வளையம் எத்தனை கிராம் எடையைத் தூக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

அதைக் கேட்காமல் விடாத ஊர் ஒன்று உண்டு. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், ஆற்காட்டுக்கும் வேலூருக்கும் நடுவே, ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கும் மேல்விஷாரம். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் பதனிடும் பகுதியின் டேனரிகளில் மோட்டாரின் வேலை டிரம்மைச் சுற்றுவது. ஆள் உயரத்தைத் தாண்டிய மரப் பீப்பாய், உள்ளே தண்ணீரும் ரசாயனமும் ஊறிக் கனத்த தோல்களும். மொத்தப் பாரமும் அடியில் தேங்கிக் கிடக்க, நின்ற நிலையிலிருந்து அதைக் கிளப்ப வேண்டும். நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் மோட்டாரை பெல்ட்டும் பல்சக்கரமும் வைத்து வேகம் குறைத்து, டிரம்மை நிமிடத்துக்குச் சுமார் 10 சுற்று என்ற அளவில் உருட்டுகிறார்கள். டிரம் கிளம்பாவிட்டால், மோட்டார் தனியாக எவ்வளவு அழகாகச் சுற்றினாலும் பயனில்லை.

வீட்டில் கட்டும் சோதனை மோட்டாரையும் இந்த ஊர்க் கேள்வியை வைத்தே மதிப்பிட வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் கட்சி. பாரம் ஏற்றி அளக்கும்வரை அது பொம்மை. அளந்த பிறகே அது சோதனை.

சுழற்சியிலிருந்து வேலைக்கு

மின்மோட்டாரின் வரலாறும் இதே தடத்தில்தான் நகர்ந்தது. மின்சாரம் ஓடும் கம்பி திசைகாட்டி முள்ளைத் திருப்புகிறது என்று டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் 1820-இல் காட்டினார். மறு ஆண்டே லண்டனில் மைக்கேல் ஃபாரடே, பாதரசக் கிண்ணத்தின் நடுவே காந்தத்தை நிறுத்தி, மேலிருந்து தொங்கவிட்ட கம்பியை அதைச் சுற்றி ஓட வைத்தார். உலகின் முதல் மோட்டார் என்று அதைச் சொல்லலாம். ஆனால் அது ஒரு குண்டூசியைக்கூட இழுக்கவில்லை. இழுக்க வேண்டும் என்று ஃபாரடேயும் நினைக்கவில்லை. மின்சாரமும் காந்தமும் சேர்ந்தால் தொடர்ந்த சுழற்சி பிறக்கும் என்று நிறுவுவதே அவர் நோக்கம்.

பாரம் இழுக்கும் ஆசை அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் வந்தது. ஹங்கேரியின் யெட்லிக் 1820-களின் இறுதியிலும், இங்கிலாந்தின் ஸ்டர்ஜன் 1832-இலும், அரைச் சுற்றுக்கு ஒருமுறை மின்சாரத்தின் திசையை மாற்றும் கம்யூட்டேட்டர் வைத்த மோட்டார்களைச் செய்தார்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் தாமஸ் டேவன்போர்ட் என்ற கொல்லர், பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர், தன் பட்டறையிலேயே மோட்டார் கட்டி 1837 பிப்ரவரி 25 அன்று காப்புரிமை பெற்றார். கம்பிக்கு மேலுறை சுற்ற அவர் மனைவி தன் கல்யாணப் பட்டாடையைக் கிழித்துக் கொடுத்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. 1838-இல் யாக்கோபி ரஷ்யாவின் நேவா நதியில் பேட்டரி மோட்டாரால் ஆட்களை ஏற்றிய படகையே ஓட்டினார்.

இவை எல்லாமே ஓடின. தொழிலாக மட்டும் எதுவும் நிலைக்கவில்லை. அன்றைய பேட்டரி துத்தநாகத்தைத் தின்று மின்சாரம் தந்தது. அதே வேலையை நீராவி எந்திரம் நிலக்கரியை எரித்து மிகக் குறைந்த செலவில் முடித்தது. என்ன கொடுத்தோம், என்ன கிடைத்தது என்ற கணக்கில் மோட்டார் தோற்றது. டைனமோ வந்து மின்சாரம் மலிந்த பிறகே அது ஜெயித்தது. 1888-இல் ஃபெராரிஸும் டெஸ்லாவும் சுழலும் காந்தப்புலத்தை உலகறியச் செய்தார்கள். அடுத்த ஆண்டு டோப்ரோவோல்ஸ்கி மூன்று பேஸ் கூண்டு ரோட்டார் மோட்டாரைக் கொண்டுவந்தார். டேனரி டிரம்மின் பக்கத்தில் இன்று உட்கார்ந்திருக்கும் மோட்டார் அதன் நேர் வாரிசு.

வீட்டில் கட்டத்தக்க நான்கு வகை

வீட்டு மோட்டார்கள் பல வடிவில் இருந்தாலும் அவற்றை நான்கு வகைக்குள் அடக்கிவிடலாம்.

முதலாவது ஊக்கு மோட்டார். அரவிந்த் குப்தா போன்றவர்களின் எளிய அறிவியல் பொம்மைகள் வழியாக இந்தியா முழுதும் பரவியது இதுதான். இதன் சூட்சுமம் கம்பி முனையைச் சுரண்டுவதில் இருக்கிறது. வளையத்தின் ஒரு முனையில் எனாமலை முழுதாகச் சுரண்ட வேண்டும். மறு முனையில் மேல் பாதியை மட்டும் சுரண்டி, கீழ்ப் பாதியை அப்படியே விட வேண்டும். இரண்டையும் முழுதாகச் சுரண்டும் பிள்ளைகளே அதிகம். அப்போது வளையம் சுற்றாமல் முன்னும் பின்னும் ஆடும். காரணம் எளிது: முதல் அரைச் சுற்றில் முன்னே தள்ளிய அதே விசை, வளையம் புரண்டதும் பின்னே தள்ளும். பாதி எனாமல் அந்த இரண்டாவது அரைச் சுற்றில் மின்சாரத்தை வெட்டிவிடுகிறது. வளையம் தன் வேகத்திலேயே அந்தப் பகுதியைக் கடக்கிறது. கம்யூட்டேட்டர் செய்யும் வேலையின் பாதியை, ஒரு பைசா செலவில்லாமல், சுரண்டாத அந்த எனாமல் செய்கிறது.

இரண்டாவது, ஃபாரடே வழி வந்த ஒற்றைத் துருவ மோட்டார். பேட்டரியின் அடியில் நியோடிமியம் காந்தம், மேல்முனையிலிருந்து காந்தத்தின் விளிம்புவரை வளைத்த செம்புக் கம்பி. திசை மாற்றவே தேவையில்லாத மோட்டார் இது. பேட்டரியை ஏறக்குறைய ஷார்ட் செய்வதால் சில நொடிகளிலேயே சுடும். லித்தியம் பேட்டரியை இதில் வைக்கவே கூடாது. சிறு நியோடிமியம் காந்தங்களைக் குழந்தைகள் விழுங்கினால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் இந்த வகையைத் தவிர்ப்பதே நல்லது.

மூன்றாவது, துடிப்பு மோட்டார். சைக்கிள் சக்கரத்திலோ சிடி தட்டிலோ காந்தங்களை ஒட்டி, பக்கத்தில் ஒரு காயிலை நிறுத்தி, காந்தம் நெருங்கும் கணத்தில் ரீட் ஸ்விட்ச் அல்லது ஹால் சென்சார் வழியாக மின்சாரத்தைத் தட்டிவிடுவது. ஊஞ்சலைத் தள்ளுவது போல நேரம் பார்த்துத் தள்ள வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் வேகம் குறையும். சோதனை செய்ய மிக வாகான வகை இது. சென்சாரை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினாலே வேகம் மாறுவது கண்ணுக்குத் தெரியும். ரீட் ஸ்விட்ச் சீக்கிரம் கருகுகிறது என்பார்கள். காயிலில் ஓடும் மின்சாரத்தைத் திடீரென்று வெட்டும்போது எழும் உயர் வோல்ட்டேஜ் ஸ்விட்ச் முனைகளில் பொறி பறக்க வைக்கிறது. காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடைத் தலைகீழாகப் போட்டால் பொறி அடங்கும். எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் இருக்கும் பிஎல்டிசி மோட்டாரின் அடிப்படையும் இதுதான். தட்டிவிடும் வேலையை அங்கே கன்ட்ரோலர் செய்கிறது.

நான்காவது, இண்டக்‌ஷன் மோட்டார். இதைச் சொந்தமாகக் கட்டுவது கடினம் என்றாலும் புரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. பழைய இ.பி. மீட்டரின் கண்ணாடிக்குள் சுற்றிக்கொண்டிருந்த அலுமினியத் தட்டை நினைவுகூருங்கள். எந்தக் கம்பியும் அதைத் தொடவில்லை; காந்தமும் அலுமினியத்தை இழுக்காது. இரண்டு காயில்களின் மாறும் காந்தப்புலம் தட்டுக்குள் மின்சாரத்தைத் தூண்டி, அந்த மின்சாரத்தையே பிடித்துத் தள்ளியது. வீட்டுக்கு வீடு ஓர் இண்டக்‌ஷன் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது; நாம் யூனிட் எண்ணை மட்டும் பார்த்தோம். இந்த வகையைச் சோதிப்பவர் 230 வோல்ட்டை நேரடியாகத் தொடக்கூடாது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வழியாக 12 வோல்ட்டுக்கு இறக்கிக்கொள்ள வேண்டும்.

கையால் மோட்டார் செய்வதன் எல்லையைத் தொட்டவர் அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் மெக்லெல்லன். ஓர் அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு அளவுள்ள கனசதுரத்துக்குள் அடங்கும் மோட்டாரைச் செய்பவருக்கு 1000 டாலர் என்று இயற்பியலர் ரிச்சர்ட் ஃபைன்மன் 1959-இல் சவால் விட்டார். புதிய தொழில்நுட்பம் பிறக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. மெக்லெல்லனோ மறு ஆண்டே மைக்ராஸ்கோப், கூராக்கிய பல்குச்சி போன்ற சாமான்களை வைத்துச் செய்து காட்டிப் பரிசை வாங்கிப் போனார். பொறுமையான கை எதிர்பார்த்ததைவிட அதிகம் சாதித்ததில் ஃபைன்மனுக்குச் சற்று ஏமாற்றம்தான்.

எடையைத் தூக்கச் சொல்லுங்கள்

சோதனைக்குப் பெரிய ஆய்வகம் வேண்டாம். மோட்டாரின் அச்சில் நூலைக் கட்டி, மறுமுனையில் எடையைத் தொங்கவிட்டு, அது ஒரு மீட்டர் ஏற எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். அதே நேரத்தில் வோல்ட்டையும் ஆம்பியரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்குக்கு, துடிப்பு மோட்டார் 6 வோல்ட்டில் 0.5 ஆம்பியர் எடுக்கிறது என்று வைப்போம். உள்ளே போவது 3 வாட். 50 கிராம் எடை 1 மீட்டர் உயரத்தை 4 நொடியில் ஏறினால் செய்த வேலை 0.49 ஜூல், அதாவது சுமார் 0.12 வாட். செயல்திறன் 4 சதவீதம். மீதி 96 சதவீதம் காயிலின் சூடாகவும், அச்சின் உராய்வாகவும், காற்றைக் கிளறுவதிலும் போய்விட்டது. கடையில் வாங்கும் 5 எச்.பி. மோட்டார் 85 சதவீதத்துக்கு மேல் தருகிறது என்பதோடு ஒப்பிட்டால், இரும்பு உள்ளகம், மயிரிழை இடைவெளி, பேரிங் ஆகியவற்றுக்கு ஏன் இவ்வளவு கவனம் கொடுக்கிறார்கள் என்பது விளங்கும்.

இன்னொன்றையும் இந்தச் சோதனை கற்றுத் தரும். எடையைக் கூட்டக் கூட்ட வேகம் குறையும், ஆம்பியர் ஏறும். சுற்றும் மோட்டார் தானே ஒரு ஜெனரேட்டராகி எதிர் வோல்ட்டேஜை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. வேகம் குறைந்தால் அந்த எதிர்ப்பும் குறைந்து, மின்சாரம் தடையின்றிப் பாய்கிறது. அச்சைக் கையால் பிடித்து நிறுத்தினால் காயில் சுடுவது இதனால்தான்.

இலவச மின்சார மோட்டார்

வீட்டு மோட்டார் உலகில் ஓயாத ஓர் ஆசை இருக்கிறது: கொடுத்ததைவிட அதிகம் தரும் மோட்டார். காந்தங்களை மட்டும் வட்டமாக அடுக்கி, மின்சாரமே இல்லாமல் சுற்ற வைப்போம் என்பது ஒரு வகை. துடிப்பு மோட்டாரில் ஒரு பேட்டரியால் ஓட்டி இன்னொரு பேட்டரியை நிரப்பிக்கொண்டே போகலாம் என்பது பெடினி மோட்டார் போன்ற இன்னொரு வகை. மூலிகையிலிருந்து பெட்ரோல் எடுக்கலாம் என்ற பேச்சு 1996-இல் தமிழ்நாட்டில் கிளப்பிய பரபரப்பு நினைவிருப்பவர்களுக்கு இந்த ஆசையின் வேகம் புரியும்.

காந்த அடுக்கு ஓடாததற்குக் காரணம் நேரானது. காந்தம் அருகே வரும்போது இழுத்துக் கொடுத்த ஆற்றலை, விலகிப் போகும்போது பிடித்து இழுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளும். முழுச் சுற்றில் வரவும் செலவும் சமம். உராய்வு மட்டும் நஷ்டக் கணக்கில் நிற்கும்.

பெடினி வகையில் ஏமாறுவது பெரும்பாலும் மீட்டரைப் படிப்பதில் நேர்கிறது. மின்சாரத்தை வெட்டும் கணத்தில் காயிலில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஒரு நொடிப்பொழுது எழும். அந்த உச்ச வோல்ட்டை வேறொரு கணத்தில் ஓடிய ஆம்பியரோடு பெருக்கினால் வாட் கணக்கு எங்கோ போய்விடும். ஒரே கணத்தின் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிச் சராசரி காண வேண்டும். பேட்டரியும் தன் பங்குக்கு ஏமாற்றும். ஓய்வு கொடுத்ததும் அதன் வோல்ட்டேஜ் தானாகச் சற்று ஏறும். அதை ‘சார்ஜ் ஏறிவிட்டது’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். நிரம்பியதா என்று அறிய நம்பகமான வழி, ஒரு பல்பை எரித்து எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்பதுதான்.

அமெரிக்காவில் ஜோசப் நியூமன் என்பவர் இப்படியொரு எந்திரத்துக்குக் காப்புரிமை கேட்டுப் பல ஆண்டு வழக்காடினார். நீதிமன்றம் அதை அரசின் தேசிய தர நிர்ணய நிறுவனத்துக்கு அனுப்பியது. 1986-இல் அவர்கள் அளந்தபோது, எந்த நிலையிலும் வெளிவந்தது உள்ளே போனதைவிடக் குறைவாகவே இருந்தது. நாடகம் ஏதும் நடக்கவில்லை. பாரத்தை மாட்டி அளந்தார்கள், அவ்வளவுதான்.

கோவையில் காத்திருந்த பாரம்

தமிழ்நாட்டில் பட்டறை மோட்டார் தொழிலாக வளர்ந்த இடம் கோவை. இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று பொதுவாகக் குறிப்பிடப்படுவது 1937-இல் பீளமேட்டு நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸில் உருவானது. ஜி.டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடு இருவர் பெயரும் அதோடு சேர்த்துச் சொல்லப்படும். ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பைத் தொடராதவர். ஹோட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் படித்தவர். 1920-இல் பொள்ளாச்சி–பழனி பஸ் ஓட்டித் தொழிலில் இறங்கியவர். பாலசுந்தரம் நாயுடு பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தை வளர்த்தார்.

தனிமனிதத் திறமையை மட்டும் பேசினால் பாதிக் கதைதான் கிடைக்கும். 1932-இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்தது. ஊரில் பஞ்சாலைகள் பெருகியிருந்தன. கொங்கு நாட்டுக் கிணறுகளோ ஆழமானவை. மாடு கட்டிக் கவலை இறைத்து மாளாதவை. மின்சாரமும் பாரமும் அங்கே ஏற்கெனவே தயாராக இருந்தன. அங்கே செய்த மோட்டார் நன்றாக இருக்கிறதா என்பதைக் கண்காட்சி நடுவர் தீர்மானிக்கவில்லை. கிணற்று மேட்டில் நின்ற விவசாயி தீர்மானித்தார். தண்ணீர் வராவிட்டால் மோட்டார் திரும்பி வந்துவிடும். அந்தக் கண்டிப்பே கோவையைப் பம்ப்செட் ஊராக்கியது.

வைண்டிங் கடை என்னும் ஆய்வகம்

மறுபடி மேல்விஷாரம் பக்கம் வருவோம். இந்தத் தோல் பதனிடும் பகுதியில் மோட்டார் செய்யும் ஆலைகளைவிட மோட்டார் காயில் கட்டும் கடைகளே கண்ணில் படும். டேனரியின் ஈரம், உப்பு, சுண்ணாம்பு எல்லாம் மோட்டாருக்கு எமன். பேரிங் துருப்பிடிக்கும், இன்சுலேஷன் விட்டுப்போகும், பாடி ஷார்ட் அடிக்கும். சுற்றுவட்டார விவசாயக் கிணறுகளிலோ வோல்ட்டேஜ் குறைந்தாலும் ஒரு பேஸ் போனாலும் மோட்டார் எரியும். பாரம் அப்படியே இருக்க வோல்ட்டேஜ் குறைந்தால் மோட்டார் அதிக ஆம்பியர் இழுத்து ஈடுகட்டப் பார்க்கும், காயில் கருகும்.

கடையில் நடக்கும் வேலையைக் கவனித்துப் பாருங்கள். எரிந்த காயிலை வெட்டி எடுக்கும்போதே ஒரு ஸ்லாட்டில் எத்தனை சுற்று என்று எண்ணுகிறார்கள். கம்பியைக் கேஜில் வைத்து அளந்து, எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்குப் போகிறது என்று நோட்டில் எழுதுகிறார்கள். ஸ்லாட்டுகளில் லெதராய்டு பேப்பர் வைத்து, புதுக் காயிலை இறக்கி, மேலே மூங்கில் சீவல் செருகி, கட்டிப் போட்டு, வார்னிஷ் ஊற்றிக் காய வைக்கிறார்கள். பிறகு டெஸ்ட் லாம்ப் போட்டுப் பார்த்து, டாங் டெஸ்டரால் மூன்று பேஸிலும் ஆம்பியர் சமமாக இருக்கிறதா என்று பார்க்காமல் வண்டியில் ஏற்ற விடமாட்டார்கள். எண்ணுதல், எழுதுதல், அளத்தல், ஒப்பிடுதல் என்று ஆய்வுமுறையின் நான்கு அங்கங்களும் இதில் இருக்கின்றன. கண்காட்சி மோட்டாரில் இல்லாதவையும் இவையேதான்.

கிராமத்துத் துணிச்சலுக்கு வேறொரு சாட்சி, இரண்டு பேஸ் மட்டும் வரும் நேரத்தில் கெப்பாசிட்டர் போட்டு மூன்று பேஸ் மோட்டாரை ஓட்டும் வழக்கம். இல்லாத மூன்றாவது பேஸுக்குப் பதிலாக, கெப்பாசிட்டரால் நேரம் தள்ளிய மின்சாரத்தைக் கொடுக்கிறார்கள். தத்துவம் சரியானது, சீலிங் ஃபேன் ஓடுவதும் இதே முறையில்தான். ஆனால் மூன்று காயிலுக்கும் சமமான மின்சாரம் போகாது. மோட்டார் தன் முழுத் திறனில் இழுக்காது, சூடேறும், டிரான்ஸ்பார்மருக்கும் கேடு. அளக்காமல் செய்த சோதனைக்கு வைண்டிங் கடையில் பில் வரும்.

என்ன செய்யலாம்

மேல்விஷாரத்தில் 1965 முதல் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியும், 1998 முதல் அதே பெயரில் பொறியியல் கல்லூரியும் இயங்குகின்றன. கோவையில் தொடங்கிய ஆம்பியர் மின் ஸ்கூட்டர் நிறுவனத்தின் ஆலை, கிரீவ்ஸ் குழுமத்தின் கீழ் 2021-இல் பக்கத்து ராணிப்பேட்டையில் திறக்கப்பட்டது. டேனரிகளும் வைண்டிங் கடைகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பள்ளிகளில் அடல் டிங்கரிங் ஆய்வகம் அமைக்க மத்திய அரசு 2016 முதல் 20 லட்சம் ரூபாய் வரை தருகிறது. குறை பொருளில் இல்லை. கடையின் நோட்டும் வகுப்பின் நோட்டும் சந்திப்பதில்லை என்பதே குறை.

சந்திக்க வைக்க மூன்று எளிய காரியங்கள் போதும். முதலாவது, மாணவர் மோட்டாருக்கு மதிப்பெண் போடும்போது வேகத்துக்குப் பதில் தூக்கிய எடையைக் கணக்கில் எடுப்பது. வோல்ட், ஆம்பியர், எடை, உயரம், நேரம் என்று ஐந்து கட்டம் போட்ட தாளைக் கட்டாயமாக்குவது. இரண்டாவது, எரிந்த சீலிங் ஃபேன் ஸ்டேட்டர் ஒன்றைக் கொடுத்து, காயில் கட்டுபவர் ஒருவரையே வகுப்புக்கு அழைத்து, சம்பளம் கொடுத்து, பிரித்து எண்ணிக் கட்டக் கற்றுத்தரச் சொல்வது. மூன்றாவது, ஓடாத மோட்டாரையும் கண்காட்சியில் வைக்க இடம் கொடுப்பது, ஏன் ஓடவில்லை என்ற குறிப்போடு.

தன் மோட்டாரின் செயல்திறன் 4 சதவீதம் என்று கூச்சப்படாமல் எழுதும் மாணவிக்கு அடுத்த வேலை தானாகவே தெரியும். காந்தத்துக்கும் காயிலுக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பாள், உள்ளே இரும்பு வைப்பாள், ஊக்குக்குப் பதில் பேரிங் போடுவாள், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மறுபடி எடையைத் தொங்கவிடுவாள். 4 என்பது 9 ஆகும்போது, எந்த மாற்றத்தால் எவ்வளவு கூடியது என்று அவளால் சொல்ல முடியும். ஸ்கூட்டர் ஆலையின் சோதனைக்கூடத்திலும் அவளிடம் எதிர்பார்க்கப்படுவது அந்த ஒரு பதில்தான்.